டோரீனுடைய பாதி

டோரீன் தன் பாதியை முடிப்பதற்குள் நார்மன் அடுத்த மணிக்குப் போய்விட்டார். செபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் முதல் பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர் சொல்ல வேண்டும். அவர் சொல்லி நிறுத்தும்வரை இவள் காத்திருப்பாள். இவள் ஆமென் சொல்லும்வரை அவர் காத்திருப்பார். கல்யாணமாகி இந்த மராத்தி நகரத்தில், கோர்ப்படியில் இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து சாயங்காலங்கள் அப்படித்தான் நடந்துவந்தன. சில வாரங்களாக அவளுடைய கடைசிச் சொற்கள் அவருடைய முதல் சொற்களுக்கு அடியில் போய் நசுங்கிக்கொண்டிருந்தன. ஏதோ அவசரம் என்று விட்டிருந்தாள். இன்று கவனித்தாள். அவர் அவசரப்படவில்லை. அவள் எங்கே மூச்சு வாங்குவாள் என்று காத்திருந்து, சரியாக அந்த இடத்தில் நுழைந்தார்.

"நான் இன்னும் முடிக்கலங்க."

கண்ணைத் திறக்காமலே ஒரு கையை உயர்த்திக் காட்டினார், பொறு என்பதுபோல. அந்தக் கையும் அவளுக்குப் புதிது. டிவி விவாதங்களில் ஆளுக்கொரு கட்டமாகத் தெரிகிறவர்களில் ஒருவர் மற்றவரை அடக்க அப்படித்தான் கையை உயர்த்துவார்.

நார்மனை அவள் கட்டிக்கொண்டதே அவர் மெதுவாகப் பதில் சொல்கிறவர் என்பதால்தான். இருவர் வீட்டிலும் பேசி முடித்த பிறகு, கேம்ப் கடைவீதியில் ஒரு பேக்கரியில் உட்கார வைத்து, உங்களுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, வீட்டில் சொன்னதற்காகத் தலையாட்டினீர்களா என்று நேராகக் கேட்டாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீ ஆறி ஏடு படிந்தது. எழுந்து போய்விடலாமா என்று அவள் நினைத்த நேரத்தில், "பிடிச்சிருக்கு. ஏன்னுதான் இன்னும் தெரியல" என்றார். தூத்துக்குடிப் பக்கத்து உறவினர்கள் அவரை மந்தம் என்பார்கள். அவளுக்குத் தெரியும், அது மந்தம் இல்லை. கேட்ட கேள்வியை உள்ளே கொண்டுபோய், அதற்கு ஒரு இடம் ஒதுக்கி, திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அவர் வாயைத் திறப்பார். உப்பு போதுமா என்று கேட்டால்கூட இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்வார். அப்படிச் சொன்னதை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

நகரப் பேருந்து அலுவலகத்தில் நேர அட்டவணை போடும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பஸ் ஏன் வருவதில்லை என்று ஒரு இந்தி செய்திச் சேனலில் விவாதம் வைத்தபோது, சோனியா என்கிற பெண் எங்கிருந்தோ அவருடைய நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டாள். விவாதத்துக்கு ஆள் சேர்ப்பது அவளுடைய வேலை. நார்மன் மூன்று நாள் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். நகரத்தின் ஒரு கோடியில் ஹடப்சரிலிருந்து மறுகோடி ஔந்துக்கு ஒருத்தி வேலைக்குப் போய்வர எத்தனை பஸ் மாற வேண்டும், எந்த நேரத்தில் எங்கே வண்டி தேங்குகிறது, எல்லாம். அன்றைக்கு லேப்டாப்பின் முன்னால் கோட்டு போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் யாருடைய ஆட்சியில் பஸ் அதிகம் எரிந்தது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தொகுப்பாளர் இவர் பக்கம் திரும்பி, நார்மன்ஜி, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், யார் குற்றவாளி என்று கேட்டார். நார்மன் யோசித்தார். திரையில் அவர் முகம் அப்படியே நின்றது. நார்மன்ஜியின் இணைப்பு போய்விட்டது என்று சொல்லிவிட்டுத் தொகுப்பாளர் விளம்பரத்துக்குப் போய்விட்டார்.

அடுக்களையில் டோரீன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார் என்றுதான் நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

கேப் விடாதீர்கள் சார் என்று சோனியா அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். கேள்வி முடியும்வரை காத்திருந்தால் அடுத்தவன் எடுத்துக்கொள்வான். அவன் மூச்சு வாங்கும்போது நுழையுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், கட்டம் போட்டது வேண்டவே வேண்டாம். இரண்டாவது தடவை அவர் நுழைந்தார். ஒரு கட்சிக்காரரைப் பார்த்து, நீ கடைசியாகப் பஸ்ஸில் ஏறியது எப்போது என்று கத்தினார். அந்தத் துண்டு வீடியோ மார்க்கெட்வரை சுற்றியது. கொத்தமல்லிக்காரி, சாஹேப் சரியான போடு போட்டார் என்று ஒரு கட்டு இனாமாகக் கொடுத்தாள். அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் கூப்பிட்டார்கள். பஸ் பற்றி மறுபடி யாரும் கேட்கவில்லை. அண்டை நாடு, சினிமா நடிகையின் உடை, மாணவர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவரிடம் கோபம் இருந்தது.

சாப்பாட்டு மேசை ஸ்டூடியோ ஆனது. முகத்தில் வெளிச்சம் விழ ஒரு வட்ட விளக்கு வந்தது. பின்னால் புத்தகம் தெரிய வேண்டும் என்று சோனியா சொன்னதால், மகள் ஃபேபியோலா ஔந்திலிருந்து தன் பழைய நுழைவுத் தேர்வு கைடுகளைக் கொண்டுவந்து அடுக்கினாள். தூரத்தில் அவை சட்டப் புத்தகங்கள்போலத் தெரிந்தன. சுவரிலிருந்த திருஇருதய ஆண்டவர் படம் வெளிச்சத்தில் மின்னுகிறது என்று அதைப் படுக்கையறைக்கு மாற்றினார்கள். விசில் கேட்கும் என்று லைவ் நேரத்தில் டோரீன் குக்கர் வைக்கக் கூடாது.

ஒருநாள் விவாதம் முடிந்ததும் அவருடைய போன் மேசையில் மின்னியது. சற்றுமுன் அவர் யாரைப் பொய்யன் என்று கத்தினாரோ அதே ஆள், ரோஜாப்பூ படத்தோடு, இன்றைக்கு நன்றாக இருந்தது நார்மன்ஜி என்று அனுப்பியிருந்தான். நார்மன் அதைப் படித்து லேசாகச் சிரித்தார். நெற்றியில் இன்னும் வேர்வை காயவில்லை. டோரீனுக்கு அந்த வேர்வையின் மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது.

வியாழக்கிழமை விவாதம் சாலை விபத்துகளைப் பற்றி. அவள் வழக்கம்போல அடுக்களையில் போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ குழிகளைப் பற்றி ஆரம்பித்தார்கள், அது உடனே தேர்தலுக்குப் போயிற்று. அப்போது நார்மன் நுழைந்தார். என் மகன் ஜெரோஷ், என்றார் இந்தியில். மற்ற கட்டங்களெல்லாம் அடங்கின. ஹடப்சர் ரோட்டில் தண்ணீர் லாரி இடித்துவிட்டுப் போனது. என் பிள்ளை அந்த வெயிலில் கிடந்தான். ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட கிட்டே வரவில்லை. எல்லாரும் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிட்டு நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணிலிருந்து வழிந்தது. தொகுப்பாளர் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கீழே சிவப்புப் பட்டையில், ஒரு தந்தையின் கண்ணீர், என்று ஓடியது.

அவள் கையிலிருந்த வெங்காயம் உருண்டு அடுப்புக்கு அடியில் போனது. ஜெரோஷ் போனபோது நார்மன் அழவில்லை. கல்லறையிலும் அழவில்லை. உள்ளே கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இன்னும் முடியவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் அவள் நம்பியிருந்தாள். ஆனால் ஒருத்தர்கூட வரவில்லை என்பது பொய். பாத்திமா வந்தாள்.

விபத்து நடந்த நாற்சந்தியில் ரவிக்கை தைக்கிற கடை வைத்திருந்த பாத்திமா, ஊசி குத்திய ரவிக்கையைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்து, ஜெரோஷின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். அவன் தமிழில் முனகியதால்தான் நம்ம பிள்ளை என்று தெரிந்ததாம். அம்மா, தண்ணி என்றானாம். பாத்திமா அவன் உதட்டை நனைத்தாளாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் சொன்ன இந்த இரண்டு சொற்களை வைத்துத்தான் டோரீன் இதுவரை உயிரோடு இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்குக் கேக் அங்கே போகும். பெருநாளுக்கு சேமியா பாயசம் இங்கே வரும்.

லைவ் முடிவதற்குள் ஃபேபியோலா கூப்பிட்டாள். அழுதிருந்தாள். "மம்மி, டாடி கிளிப் எங்க ஆபீஸ் குரூப்ல எல்லாம் வந்துருச்சு. ஐ மீன், ரொம்ப... எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா பாத்திமா ஆன்ட்டி இருந்தாங்கள்ல?" என்றாள்.

டோரீன் போனை வைத்தாள். அவளுக்கு அன்று காலை ஞாபகம் வந்தது. துணி எடுக்கப் போனபோது நார்மன் பால்கனியில் நின்று இந்தியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட என்று சொல்லி நிறுத்தினார். மறுபடி அதையே சொன்னார், மறுபடி அதே இடத்தில் நிறுத்தினார். யாரிடமோ போனில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தவள், படுக்கையறையில் அவருடைய போன் சார்ஜில் கிடப்பதைப் பார்த்தாள். பார்த்ததை அப்போது ஒன்றோடொன்று சேர்க்கவில்லை. இப்போது சேர்ந்துகொண்டது. காலையில் நிறுத்திய இடத்தில்தான் இப்போதும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றியது ஒன்றுதான் புதிது. அதையும் எங்காவது பழகியிருப்பாரோ?

மறுநாள் காலை சோனியா ஸ்பீக்கரில் பேசினாள். சார், நாடே அழுதது. இன்றைக்கு ஸ்பெஷல் பண்ணுகிறோம். மேடமும் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரு தாய் பேசினால் வேறு மாதிரி இருக்கும். ஏதாவது போட்டோ, அவனுடைய சட்டை, இருந்தால் கையில் வைத்துக்கொள்ளட்டும். நார்மன் போனின் மேல் கையை வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். டோரீன் யோசித்துச் சொல்கிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஹடப்சர் போகிற பஸ் வழக்கம்போல வரவில்லை. ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து போனாள். பாத்திமா ஒரு ரவிக்கையின் கழுத்தோரத்துக்குப் பைப்பிங் வைத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தி, ஸ்டூலில் கிடந்த துணிகளை அகற்றி, பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து டீ சொன்னாள். எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தே டோரீனுக்குத் தெரிந்துவிட்டது, பார்த்திருக்கிறாள். பக்கத்து மொபைல் கடையில் நேற்று அந்தச் சேனல்தான் ஓடியதாம். கடைக்காரப் பையன் கூப்பிட்டுக் காட்டினானாம். அண்ணன் அழுததைப் பார்க்கத் தனக்கும் தாங்கவில்லை என்றாள். பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அண்ணன் என்னை மறந்துட்டாகளா, இல்ல வேணும்னு விட்டாகளா?"

"தெரியல பாத்திமா."

"மறந்திருந்தா பரவால்ல."

டீ வந்தது. டோரீன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பாத்திமாவின் மடியைப் பார்த்தாள். நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அங்கேதான் அவன் தலை இருந்தது. அப்போது, வேண்டாத ஒரு நினைவு, இத்தனை வருஷம் அவள் திரும்பியே பார்க்காமல் வைத்திருந்தது, எழுந்து வந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர், கஷ்டப்பட்டிருக்க மாட்டான், விழுந்த உடனே நினைவு போயிருக்கும் என்று சொல்லியிருந்தார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று அதைத் தள்ளிவிட்டு, 'அம்மா, தண்ணி' என்ற பாத்திமாவின் சொற்களை எடுத்துக்கொண்டாள். ஆறுதலுக்குச் சொன்னது டாக்டரா, பாத்திமாவா? அழுகிற ஒரு தாயைப் பார்த்தால் யாருக்குத்தான் ஏதாவது சொல்லத் தோன்றாது? நார்மனே இல்லாததைச் சொல்வார் என்றால் யார்தான் சொல்ல மாட்டார்கள்? நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே பயமாக இருந்தது. ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

"அவன் தண்ணி கேட்டான்ல, பாத்திமா?"

பாத்திமா நிமிர்ந்து பார்த்தாள். நேற்று டிவியில் பார்த்ததைச் சொன்னபோது அந்த முகத்தில் இல்லாத ஒன்று இப்போது வந்தது.

"இத்தனை வருஷம் கேக்காம, இப்ப ஏன்க்கா கேக்குறீங்க?"

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. டோரீன் டீயைக் குடித்து முடித்தாள். எழுந்து வரும்போது பாத்திமா, பார்த்துப் போங்க என்றாள். அதையும் எப்போதும் சொல்வாள்தான்.

வீட்டில் நார்மன் இளநீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மேசைக்குப் பின்னால் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தது. ஜெரோஷின் கல்லூரிப் போட்டோவைத் துடைத்து மேசைமேல் வைத்திருந்தார். நீ வருவாய் என்றுதான் சோனியாவிடம் சொல்லியிருக்கிறேன் என்றார். டோரீன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாத்திமா இருந்தாள்ல. ஏன் யாருமே வரலன்னு சொன்னிய?"

"பேரைச் சொன்னா என்ன ஆயிருக்கும்னு நினைக்க? பாத்திமான்னு ஒரு பேரு. ரோட்டை விட்டுட்டு அந்தப் பேரைத்தான் ராத்திரி முழுக்கப் பிச்சுத் தின்னிருப்பானுவ. அவளைக் காப்பாத்தணும்னுதான் விட்டேன்."

நல்ல பதில். அவளுக்கே தோன்றியிருக்க வேண்டிய பதில். அந்தக் கட்டங்களுக்குள் பாத்திமாவின் பெயர் போய் விழுந்தால் என்ன ஆகும் என்று அவளாலும் நினைத்துப் பார்க்க முடிந்தது. யார் அவள், ஏன் அங்கே இருந்தாள், ஒரு கட்டம் கும்பிடும், இன்னொரு கட்டம் விரல் நீட்டும், நாளைக்குக் கடை வாசலில் மைக்கோடு நிற்பார்கள். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அது அன்பாகக்கூட இருக்கலாம். ஆனால் அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். உப்பு போதுமா என்பதற்கு இன்னொரு வாய் சாப்பிடுகிறவர், இதற்கு ஒரு மூச்சுகூட எடுக்கவில்லை.

"பேரைச் சொல்ல வேண்டாம். ஒரு பொம்பளை வந்தான்னு சொல்லியிருக்கலாமே."

"ஒருத்தி வந்தா, மடியில வச்சிருந்தா, ஆம்புலன்ஸ் வந்துச்சுன்னா, அப்புறம் அவங்க எங்கிட்ட கேக்க என்னட்டி இருக்கு?"

சொன்ன பிறகுதான் அதைக் கேட்டவர்போல நின்றார். இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேலேயே இருந்தது. டோரீன் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். சட்டை கருகவில்லை, சூடான பருத்தி வாசனை மட்டும் வந்தது. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தான்களை மாட்டினார்.

அவள் அடுக்களைக்குப் போய் அரிசி களைந்து குக்கரில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். திரும்பி வந்து மேசைக்குப் பின்னால் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. வட்ட விளக்கைப் போட்டார். லேப்டாப்பில் அவர்கள் இருவரும் தெரிந்தார்கள், பின்னால் கைடுகள், நடுவில் ஜெரோஷ்.

"செபம் சொல்லிருவோம். அவங்க கூப்பிட இன்னும் நேரம் இருக்குல்ல" என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து செபமாலையை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு முதல் மணியில் தன் பாதியைச் சொன்னார். சொல்லி நிறுத்தினார். இவள் ஆரம்பிக்கவில்லை. அவர் கண்ணைத் திறந்தார்.

"நேத்து அழுதிய. அது நம்ம பையனுக்கா?"

அவர் வாய் லேசாகத் திறந்தது. லேப்டாப் கூப்பிட ஆரம்பித்தது, சோனியாவின் பெயர் திரையில் துள்ளியது. அவர் கை அதற்குப் போகவில்லை, செபமாலையையும் விடவில்லை. டோரீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வியை உள்ளே கொண்டுபோயிருக்கிறாரா, இல்லை, எந்த இடத்தில் நுழையலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாரா? முகம் அப்படியே நின்றது, இணைப்பு போய்விட்டது என்று அன்றைக்குத் தொகுப்பாளர் சொன்ன அதே முகம். கண்ணாடி வில்லைகள் இரண்டிலும் வட்ட விளக்கு வெள்ளையாக விழுந்து, அதற்குப் பின்னால் கண்கள் தெரியவில்லை. அவர் விரல்கள் முதல் மணியின் மேல் இருந்தன. அது நகரவில்லை. லேப்டாப் ஓய்ந்து மறுபடி கூப்பிட்டது. அடுக்களையில் குக்கரின் வெயிட் மெல்ல அசையத் தொடங்கியது.